பாஞ்சாலை சொன்ன பச்சை

விருத்தாசலத்தில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாருடைய மூக்கை வேண்டுமானாலும் பாருங்கள், அது பாஞ்சாலை நீவிவிட்ட மூக்கு. மணிமுத்தாற்றில் தண்ணீர் ஓடாத வருஷங்களில், அந்தத் தண்ணீரையெல்லாம் பிள்ளைகளின் தலையில் ஊற்றித் தீர்த்தவள் அவள்தான். பிறந்த பன்னிரண்டாம் நாளே அவள் காலில் கிடந்தபடி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகூட உண்டு. சரி, கூட்டித்தான் சொல்லியாயிற்று. பிள்ளை குளிப்பாட்டுகிறவர்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூக்குகளைப் பங்கு போட்டால் மூன்றில் ஒன்றுதான் பாஞ்சாலைக்கு வரும். ஆறு வற்றியதற்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை.

ஐம்பத்து மூன்று வயது. காலை ஆறரைக்கு ஒரு வீடு, எட்டு மணிக்கு இன்னொரு வீடு. மனைப்பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, அதன் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, வெந்நீரை உள்ளங்கையில் வாங்கி வாங்கி முதுகில் விடுவாள். வீறிட்டுக் கத்தின பிள்ளை கொட்டாவி விடும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது என்று நர்ஸம்மா சொன்ன அன்றைக்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள். பிள்ளை முடிந்ததும் பெற்றவள். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை இடுப்பிலும் முதுகிலும் ஊற்றி நீவிவிடுவாள். அந்த அரைமணி நேரம் குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். பிள்ளை பெற்ற வீட்டில் முதல் முப்பது நாள் யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

மத்தியானம் செராமிக் பேட்டையில் வேலை. கோகுலகிருஷ்ணன் என்பவருடைய சின்னக் கம்பெனி. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அச்சில் களிமண் குழம்பை ஊற்றி எடுத்த பிள்ளையார் பொம்மைகளுக்கு, அச்சு ஒட்டிய கோட்டைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அடுக்குவது பாஞ்சாலையின் பாடு. சூளைக்குப் போகாத பொம்மைக்கு அங்கே பச்சை என்று பெயர். பிள்ளை பெற்று எழுந்தவளையும் ஊர் பச்சை உடம்புக்காரி என்றுதான் சொல்கிறது. காலையிலும் பச்சை, மத்தியானமும் பச்சை, நான் மட்டும்தான் காய்ஞ்சு கெடக்கிறேன் என்பது பாஞ்சாலை தினமும் சொல்லித் தானே சிரித்துக்கொள்கிற வேடிக்கை.

அந்தக் கோகுலகிருஷ்ணனுக்குத்தான் ஆவணி மாதம் பெண் குழந்தை பிறந்தது. மனைவி சிவசங்கரிக்குச் சொந்த ஊர் பெண்ணாடம். கணக்கு டீச்சர். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போக வேண்டியவள், தாய் இல்லாததால் புருஷன் வீட்டிலேயே இருந்தாள். மாமியார் திரௌபதி ஒற்றை ஆளாகப் பத்தியம் சமைத்து, தொட்டில் கட்டி, வருகிறவர்களுக்குக் காப்பி போட்டு ஓடிக்கொண்டிருந்தார். பிள்ளை குளிப்பாட்டப் பாஞ்சாலையைச் சொல்லியிருந்தார்கள்.

முதல் பத்து நாள் பாஞ்சாலைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதற்கப்புறம் ஒன்றைக் கவனித்தாள். குளிப்பாட்டித் துவட்டிச் சாம்பிராணி காட்டின பிள்ளையை நீட்டினால், பெற்றவள் கை தானாக முன்னால் வரும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள், கை வராத வீடே கிடையாது. சிவசங்கரியின் கை மடியிலேயே கிடந்தது. அத்தையிடம் கொடுங்கள் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். பால் கொடுக்கிற நேரம் மட்டும் வாங்கினாள், அதுவும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியின் பையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. ஏதோ ஒரு கதையைச் சுவாரஸ்யமாக அளந்துகொண்டே சிவசங்கரியின் தோளில் முதல் சொம்பை ஊற்றினாள் பாஞ்சாலை. இரண்டாவது சொம்பில் தன் விரல் பட்டதும் துடித்துப் போனாள். அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் பச்சைத் தண்ணீர் விளாவ மறந்திருக்கிறாள். சிவசங்கரியின் தோளில் நாலு விரல் அகலத்துக்குச் சிவந்து கிடந்தது. அவள் அசையவில்லை. ஆ என்றுகூடச் சொல்லவில்லை.

குழாயைத் திறந்து தோளில் பச்சைத் தண்ணீரை விட்டுக்கொண்டே பாஞ்சாலை கேட்டாள். "ஏன் கண்ணு, இப்புடிச் சுடுது, சொல்ல வேணாமா?"

"சொன்னா மட்டும் என்னக்கா ஆவப்போவுது."

அந்தக் குரலைப் பாஞ்சாலைக்குத் தெரியும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இளைய மகன் பிறந்தபோது அவளிடமே இருந்த குரல். பிள்ளையைத் தொடாமல், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காற்று கருப்பு என்றார்கள். மூன்று தாயத்துக் கட்டினார்கள். வேப்பூர்ப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப்போய் முகத்தில் தண்ணீரை அடித்தார்கள். உனக்கு என்ன செய்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எப்படியோ கரையேறினாள். எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவள், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு மத்தியானமே புருஷன்காரனிடம் பேசிவிடுவது என்று போனாள். போன இடத்தில் சங்கடம். களிமண் அரைக்கிற மில் உருண்டுகொண்டிருந்தது. சூளைக்காரர் சாமிதுரை, அச்சு ஊற்றுகிற இரண்டு ஆண்கள், எல்லோரும் பக்கத்திலேயே நின்றார்கள். ஒருத்தன் பெண்டாட்டி சமாசாரத்தை நாலு ஆம்பிளை நடுவில் எப்படி உடைத்துச் சொல்வது. ஆகவே பூடகமாகச் சொன்னாள்: தம்பி, ஒங்க பச்சை தாங்காது போல இருக்குது, விரிசல் விடப் போவுது, சூடு ஒரே பக்கமா அடிக்குது, இன்னைக்கே பாத்துக்குங்க. கோகுலகிருஷ்ணன் முகம் மாறியதைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு விறுவிறு என்று போனார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு பாஞ்சாலை வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அவள் போனபோது கோகுலகிருஷ்ணன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா தம்பி?"

"பாக்காம இருப்பனாக்கா? நீங்க சொன்னதும் ஃபேனை எல்லாம் நிறுத்திட்டேன். சாக்க நனைச்சு மொத்தமா மூடிட்டேன். இனிமே விரிசல் வராது."

ஃபேனில்லாத அறையில், தலையோடு கால் ஈரச் சாக்குப் போர்த்திக்கொண்டு ஒரு பச்சை உடம்புக்காரி உட்கார்ந்திருக்கிற கோலம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஐயோ, யார மூடுன?"

"பிள்ளையாரத்தான். முந்நூறையும். சாமிதுரைதான் முணுமுணுன்னு இருந்தாரு, பச்சை நல்லாத்தான இருக்குதுன்னாரு. அக்கா கண்ணு தப்பாதுன்னு நான்தான் மூடச் சொன்னேன்."

வேறு நாளாக இருந்தால் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு பாஞ்சாலை ஆறு மாதம் ஊரைச் சிரிக்க வைத்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மேல்தான் கோபம் வந்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை மூடி மூடிச் சொன்னால் சாக்குப் போட்டுத்தான் மூடுவார்கள்.

"நான் பிள்ளையாரச் சொல்லல. உன் பொண்டாட்டியச் சொன்னேன்."

கோகுலகிருஷ்ணன் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். சுடுதண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். மடியில் கிடக்கிற கையைச் சொன்னாள். அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, வண்டியிடம் சொல்கிற மாதிரி, தனக்கும் ஒன்றும் சரியில்லை என்றார். பிள்ளை அழுதால் நெஞ்சு படபட என்று அடித்துக்கொள்கிறதாம். தூக்கினால் கழுத்து ஒடிந்துவிடுமோ என்று கை நடுங்குகிறதாம். அதனால்தான் வேலை இருக்கிறது என்று கம்பெனியிலேயே உட்கார்ந்துவிட்டு, எல்லோரும் தூங்கின பிறகு வீட்டுக்கு வருகிறார். இன்னும் பன்னிரண்டு நாளில் முப்பது கழித்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாராம்.

எங்கேயும் போகாமல் அங்கேயே இரு என்று அவரை நிறுத்திவிட்டு உள்ளே போனாள் பாஞ்சாலை. வழக்கத்தை மாற்றி, இன்றைக்கு முதலில் பெற்றவளுக்குத்தான் தண்ணீர் என்றாள். கதவைத் தாழ் போட்டாள். தண்ணீரைத் தொடவில்லை. கதையும் விடவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிள்ளைக்கு இல்லை, பாலுக்கு இல்லை, உனக்கு.

சிவசங்கரி கணக்கு டீச்சர் அல்லவா, ஒன்று இரண்டு என்று வரிசையாகத்தான் சொன்னாள். பிள்ளை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை. சோறு மண்ணாக இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பால் இருக்கிறதா, தொப்புள் விழுந்ததா, யார் ஜாடை என்று கேட்கிறார்கள், அதற்கெல்லாம் அத்தையே பதில் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைக்கு வேறு அம்மா கிடைத்தால் நன்றாக இருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று பாஞ்சாலைக்குப் பட்டது. சிவசங்கரி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள்.

"அப்பப்ப தோணுதுக்கா. யாருகிட்ட சொல்றது."

"என்கிட்ட சொல்லிட்டல்ல. இனிமே நீ தனியா இருக்க மாட்ட."

வெளியே வந்ததும் கோகுலகிருஷ்ணனைக் கூப்பிட்டு மனைவி பக்கத்தில் உட்கார வைத்தாள். அன்றைக்குப் புதன்கிழமை. பெரியாஸ்பத்திரியில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா வருகிற நாள். பதினோரு மணிக்குள் போய்விட வேண்டும். வழியில் நிற்பது திரௌபதி ஒருவர்தான்.

கோகுலகிருஷ்ணன் காதோடு ஒரு யோசனை சொன்னார். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டால் அம்மா மறுபேச்சில்லாமல் அனுப்பிவிடுவார். பொய்யில் பாஞ்சாலைக்கு இருக்கிற தேர்ச்சிக்கு அது நல்ல பொய்தான், ஓட்டை இல்லாத பொய். ஆனாலும் வேண்டாம் என்றாள். "பிள்ளைக்குன்னு போனா அங்கயும் எல்லாரும் பிள்ளையத்தான் பாப்பாங்க தம்பி. இவ ஓரமா ஒக்காந்து பையப் புடிச்சிக்கிட்டுத் திரும்பி வருவா. இவளுக்குன்னு சொல்லித்தான் போவணும்."

அப்படியே திரௌபதியிடம் சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். திரௌபதி ரசம் தாளித்துக்கொண்டிருந்தார். முப்பது கழியாமல் வாசப்படி தாண்டுவதா என்றார். உலகத்தில் இவள் ஒருத்திதான் பெற்றாளா என்றார். அந்த டாக்டரிடம் போனதை எதிர்வீட்டுக் கண்ணம்மாள் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்றார். வேப்பிலை அடித்தால் போய்விடும் என்றார். பாஞ்சாலை, பிள்ளை குளிப்பாட்டுகிற மனைப்பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"பெத்தவ டாக்டரப் பாத்துட்டு வந்தப்பறந்தான் பிள்ளைக்குத் தண்ணி. அதுவரைக்கும் நான் தொட மாட்டேன். இங்கிருந்தும் போவ மாட்டேன்."

திரௌபதிக்கு வந்ததே கோபம். நீ இல்லாவிட்டால் என் பேத்தி அழுக்கோடு திரிவாளா என்று பலகையை வெடுக்கென்று எடுத்துப் போட்டார். புடவையைச் செருகிக்கொண்டு உட்காரப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துப் பாதி இறங்கினவர், அங்கேயே நின்றார், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல். பாஞ்சாலை எழுந்து போய்த் தாங்கி, நாற்காலியில் உட்கார வைத்தாள். கையை விடாமலே கேட்டாள்: கோகுலு பொறந்தப்ப ஒங்களுக்கு எப்புடிக்கா இருந்துச்சு?

திரௌபதி அடுப்பைப் பார்த்தார். ரசம் பொங்கி வழிந்து கொண்டிருந்தது, அணைக்கவில்லை.

"ஆறு மாசம் ஆட்டுக்கல்லுக்கிட்ட ஒக்காந்து அழுதேன். மாவுக்கு உப்பே போட வேணாம்னு இவங்கப்பா கேலி பேசுவாரு."

"யாராச்சும் ஏன்னு கேட்டாங்களா?"

"என்னைய யாரு கேட்டா." மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஆட்டோவுக்குச் சொல்லு. ஆனா வெறுங்கையா கூட்டிட்டுப் போவக் கூடாது. இரும்பு வேணும், வேப்பிலை வேணும்."

வீட்டில் அவசரத்துக்குச் சின்ன இரும்பு அகப்படவில்லை. கோகுலகிருஷ்ணன் வண்டிப் பெட்டியிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். அதையும் ஒரு கொத்து வேப்பிலையையும் மருமகளின் பையில் திரௌபதியே போட்டார். அதற்கு மேல் எந்தக் காற்று கருப்பு கிட்டே வரும் என்று பாஞ்சாலை சொன்னதற்கு, சிவசங்கரியின் உதடு லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அசையவில்லை என்று ஆட்டோக்காரர் சொன்னாலும் பாஞ்சாலை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

டாக்டர் நஸீமா சின்ன வயதுக்காரர். தூக்கம் வருகிறதா என்று சிவசங்கரியைக் கேட்டார். நல்லா தூங்குறா என்றார் பிள்ளையை மடியில் வைத்திருந்த திரௌபதி. சாப்பிடுகிறாயா என்றார். ரெண்டு வேளையும் பத்தியச் சோறு நான்தான் போடுறேன் என்றார் திரௌபதி. அழுகை வருகிறதா என்ற கேள்விக்கும் திரௌபதி வாயைத் திறந்தபோது, பாஞ்சாலை அவர் கையைப் பிடித்து, வெளியே டீ நன்றாக இருக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனாள். டீ நன்றாக இல்லை. ஆனால் அதைக் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆக்கினாள்.

உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். இது பேயும் இல்லை, சொகுசும் இல்லை, பெற்றவளுக்குப் பிள்ளை மேல் பாசம் இல்லாததும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு எத்தனையோ பேருக்கு வருகிற மனச்சோர்வு. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை இருக்கிறது, அதைத் தானாக நிறுத்தக் கூடாது. இவள் தொடர்ந்து நாலைந்து மணி நேரமாவது தூங்க வேண்டும், அந்த நேரம் பிள்ளையை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்குத் தனியாக விடக் கூடாது. சாக வேண்டும் என்ற நினைப்பு பலமாக வந்தால் எந்த நேரமானாலும் உடனே அழைத்து வர வேண்டும். பிறகு கோகுலகிருஷ்ணன் பக்கம் திரும்பி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றார். நான் நல்லா இருக்கேன் மேடம் என்றார் அவர். பாஞ்சாலை தொண்டையைக் கனைத்தாள். அவருக்கும் அடுத்த புதன்கிழமை சீட்டுப் போட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டம் மாறியது. ஆறு மணிக்குக் கோகுலகிருஷ்ணன் வீட்டில் இருந்தாக வேண்டும். பாஞ்சாலை அவரைத் தன் காலுக்கு நேராக உட்கார வைத்து, பச்சைப் பிள்ளையாரைத் தூக்குகிற மாதிரியே தூக்கு என்றாள். அடியில் ஒரு கை, பிடரியில் ஒரு கை. அதற்கப்புறம் அவருடைய கை நடுங்கவில்லை. முன்னிரவு பிள்ளை அப்பனிடம், விடியலில் பாட்டி திரௌபதியிடம். பாஞ்சாலை எட்டு மணி வீட்டை வேறொருத்திக்கு விட்டுக்கொடுத்து, அந்த ஒரு மணி நேரம் சிவசங்கரி தூங்குகிற அறைக்கு வெளியே உட்கார்ந்தாள். பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே அவளைத் தாண்ட வேண்டும். உள்ளே போய் முதலில் என்ன கேட்பாய் என்று கேட்பாள். பிள்ளை யார் ஜாடை என்று கேட்பேன் என்றாள் கண்ணம்மாள். திரும்பிப் போய்விட்டு வா என்று அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கண்ணம்மாள் மறுபடி வந்து, சங்கரி நீ எப்படி இருக்கிறாய் என்பதை வாசலில் ஒரு முறை ஒப்பித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

பிள்ளைக்கு ஒன்பது மாதத் தடுப்பூசி போடுகிற நாளன்று சுகாதார நிலையத்து பெஞ்சில் சிவசங்கரி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாஞ்சாலை. அவளுக்கு அந்தப் பக்கம் சாதிகா என்ற பெண், ஐந்து வாரக் குழந்தையோடு. புருஷன் சஹீர் துபாயில். பாஞ்சாலை இப்போது குளிப்பாட்டுவது அந்த வீட்டில்தான். குழந்தை பாஞ்சாலையின் மடியில் இருந்தது, சாதிகாவின் கை வெறுமனே தன் மடியில் கிடந்தது. போன வாரம் டாக்டர் நஸீமாவிடம் பாஞ்சாலைதான் கூட்டிப் போனாள். பத்து நாளாக மாத்திரை சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை, தனக்கு இது தீராது, நிறுத்திவிடப் போகிறேன் என்று சாதிகா சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலை விடுவாளா. நிறுத்தக் கூடாது என்று தொடங்கினவள், தைரியம் சொல்கிற வேகத்தில் ஏறிவிட்டாள். இதோ இருக்கிறாளே சங்கரி, இவள் கதையைக் கேள், ஒரே மாதம், முப்பதாம் நாள் காலையில் எழுந்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேட்டை வரைக்கும் நடந்தே வந்தாள், அன்றோடு மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டாயிற்று, டாக்டரே ஆச்சரியப்பட்டுப் போனார்.

சாதிகா தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து வாரம் ஆகிவிட்டதே என்று அவள் விரல்விட்டு எண்ணியது சிவசங்கரிக்குத் தெரிந்தது. தோட்டிலிருந்து பிள்ளையின் கையை விடுவித்துவிட்டு, பாஞ்சாலையைத் தாண்டிக் குனிந்து சாதிகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா சொல்றத நம்பாத சாதிகா. மாத்திர கேக்கவே அஞ்சு வாரம் ஆச்சு எனக்கு. கேட்டப்பறமும் மூணாவது மாசம் மறுபடியும் மோசமாயி, டாக்டரு மாத்திரையக் கூட்டிக் குடுத்தாங்க. பிள்ளைய நானா கேட்டு வாங்குனது நாலாவது மாசத்துலதான். இன்னும் தெனம் ஒண்ணு போடுறேன், இன்னைக்குக் காலைலகூடப் போட்டுட்டுத்தான் வந்தேன்."